முள் சிவப்புக்குப் போகட்டும்

யாராவது என்னிடம் "கராஜ் பங்க்னா என்ன?" என்று கேட்டால், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு பாட்டைப் போட்டுவிடுவேன். சோனிக்ஸ் என்ற குழுவின் 'சைக்கோ'. 1965-ல் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலிருந்து வந்த பாட்டு. இரண்டரை நிமிடம்கூட ஓடாது. கேட்பவர்களில் பாதிப் பேர் முதல் இருபது விநாடிக்குள் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்ப்பார்கள். என் அத்தை மகன் ஒருமுறை எழுந்து போய் ஒயரை ஆட்டியே பார்த்தான். "மச்சான், ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு போல" என்றான்.

என் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. சோனிக்ஸின் பாட்டுகளில் கிழிந்த ஸ்பீக்கரின் சத்தம் உண்டு. அது கிழிந்து அறுபது வருடமாகிறது. தானாகவும் கிழியவில்லை, வேண்டுமென்றே குத்திக் கிழித்தார்கள். அந்த 'வேண்டுமென்றே'யில்தான் கராஜ் பங்க்கின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி. இந்த இசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. விளக்கத்துக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி சோனிக்ஸ்தான், ஏனென்றால் அவர்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கார் நிறுத்துவதற்கென்று வீட்டோடு ஒட்டி ஓர் அறை இருக்கும். அதுதான் கராஜ். காரை வெளியே தள்ளிவிட்டால் நான்கைந்து பையன்கள் கித்தார், டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையரோடு உள்ளே நிற்க இடம் கிடைக்கும். 1950-களின் கடைசியிலேயே இப்படிப் பயிற்சி செய்யும் பையன்கள் இருந்தார்கள். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும் அது காட்டுத்தீயாகப் பரவியது. எலெக்ட்ரிக் கித்தார் அப்போது எட்டாக்கனி இல்லை. சியர்ஸ் கடையின் தபால் விற்பனைப் புத்தகத்தைப் பார்த்தே வாங்கலாம். ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி ஒரு குழு முளைத்தது. பெரும்பாலானவை ஒன்றிரண்டு இசைத்தட்டோடு மறைந்தும் போயின. இந்தப் பையன்கள் வாசித்ததைத்தான் இன்று 'கராஜ் ராக்' என்கிறோம். அன்றைக்கு அதற்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. பையன்களைப் பொறுத்தவரை அது ராக் அண்ட் ரோல், அவ்வளவுதான்.

'பங்க்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உருப்படாத பயல், போக்கிரி என்று பொருள். பங்க் என்றதும் நம்மில் பலருக்கு 1970-களின் நடுவில் வந்த ரமோன்ஸும் செக்ஸ் பிஸ்டல்ஸும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்தப் பெயரை இசைக்கு முதலில் சூட்டியது அவர்களுக்காக இல்லை. 1971-ல் 'கிரீம்' என்ற ராக் பத்திரிகையில் டேவ் மார்ஷ் 'பங்க் ராக்' என்று எழுதியது, 1960-களின் கராஜ் குழுவான குவெஸ்சன் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸைப் பற்றி. அடுத்த வருடம் லென்னி கே என்பவர் மறந்துபோன 1960-களின் பாட்டுகளைத் தேடியெடுத்து 'நக்கட்ஸ்' என்று இரட்டை இசைத்தட்டாகத் தொகுத்தார். அதன் உறைக்குறிப்பிலும் அதே சொல் வந்தது. பின்னாளில் பேட்டி ஸ்மித்தின் குழுவில் கித்தார் வாசித்தவர் இதே லென்னி கேதான். ஆக, பங்க் என்ற பெயர் கராஜ் பையன்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போன சொத்து. பிற்பாடு அந்த இரண்டு காலத்தையும் ஒன்றாகக் குழைத்து வாசித்த குழுக்களுக்கு 'கராஜ் பங்க்' என்ற பெயர் நிலைத்தது. அவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்து, "எங்கள் ஊற்று அதோ" என்று கைகாட்டும் இடத்தில் சோனிக்ஸ் நிற்கிறது. 1972-ன் அந்த முதல் நக்கட்ஸ் தொகுப்பில் சோனிக்ஸின் ஒரு பாட்டுகூட இல்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

டகோமா

வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டிலுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் துறைமுக நகரம் டகோமா. மர ஆலை, காகிதக்கூழ் ஆலை, உலோகம் உருக்கும் ஆலை என்று உழைப்பாளிகளின் ஊர். காகிதக்கூழ் ஆலையின் நெடி ஊர் முழுவதும் வீசும். 'டகோமா வாசனை' என்று அந்தப் பக்கத்து ஆட்கள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். பக்கத்தில் மெக்கார்ட் விமானப்படைத் தளம், வடக்கே சியாட்டிலில் போயிங் ஆலை. ஒலியின் வேகத்தைத் தாண்டி ஜெட் விமானம் பறக்கும்போது கீழே ஒரு வெடிச் சத்தம் கேட்கும், சோனிக் பூம் என்பார்கள். குழுவின் பெயர் அதிலிருந்து வந்தது. இரண்டாவது ஆல்பத்துக்குப் பெயரே 'பூம்'.

இசைத்தொழில் முழுவதும் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் குவிந்திருந்த காலம் அது. வடமேற்கு மூலையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதனாலேயே அங்கே இசை தன் போக்கில் வளர்ந்தது. இளைஞர்கள் வார இறுதியில் கூடி ஆடும் நடன அரங்குகள்தான் எல்லாவற்றுக்கும் மையம். சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் நடுவே ஸ்பானிஷ் காசில் என்றொரு அரங்கு இருந்தது. சியாட்டில்காரரான ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பிற்பாடு தன் பாட்டொன்றுக்கு அதன் பெயரை வைத்தார். இந்த அரங்குகளில் கூட்டத்தை விடாமல் ஆடவைக்க வேண்டும். நெளிவு சுளிவான மெட்டு அங்கே எடுபடாது. கனமான தாளம், சாக்ஸபோன், காது நிறையும் சத்தம், இவைதான் வேண்டும். டகோமாவின் வெய்லர்ஸ் குழு 1959-லேயே இதில் பேர் வாங்கிவிட்டது. பெரிய கம்பெனிகளை நம்பிக்கொண்டிராமல் எட்டிகெட் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு நிறுவனத்தையும் அவர்கள் தொடங்கினார்கள். அந்த நிறுவனம்தான் பின்னால் சோனிக்ஸைப் பதிவு செய்தது. அவர்களைத் தேடிப்பிடித்தவர் வெய்லர்ஸின் பேஸ் கித்தார்காரர் பக் ஆர்ம்ஸ்பி.

அந்த வட்டாரத்துக்குக் குலதெய்வம் மாதிரி ஒரு பாட்டு உண்டு, 'லூயி லூயி'. எழுதியவர் லாஸ் ஏஞ்சல்ஸின் ரிச்சர்ட் பெர்ரி. 1957-ல் அவரே பாடி வெளியிட்டார். வடமேற்கில் ஒவ்வொரு குழுவும் அதை வாசித்தது. 1963 ஏப்ரலில் போர்ட்லண்டில் கிங்ஸ்மென் குழு பதிவு செய்ததுதான் உலகப் புகழ் பெற்றது. அவர்களின் பாடகர் ஜாக் ஈலி உயரத்தில் தொங்கிய மைக்கை நோக்கி அண்ணாந்து கத்திப் பாடினார். நடுவில் கித்தார் மட்டும் தனித்து முழங்கும் சோலோ முடிந்ததும் சற்று முந்தி நுழைந்துவிட்டு, சட்டென்று நிறுத்துவார். அந்த இடைவெளியை டிரம்ஸ் ஓடிவந்து நிரப்பும். திருத்த நேரமும் இல்லை, பணமும் இல்லை. அந்தத் தவறோடுதான் பாட்டு கோடிக்கணக்கான காதுகளுக்குப் போனது. வார்த்தைகள் புரியாததால் ஏதோ ஆபாசம் இருக்கிறது என்று புகார் கிளம்பி, எஃப்.பி.ஐ. அந்தத் தட்டை எடுத்து ஆராய்ந்தது. எந்த வேகத்தில் ஓடவிட்டாலும் சொற்கள் புரியவில்லை என்றுதான் கோப்பை மூடினார்கள்.

கராஜ் ராக்கின் முதல் பாடம் இந்தப் பாட்டில் இருக்கிறது. மூன்றே கார்டுகள். அவற்றை ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். கார்டு என்பது கித்தாரில் சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. மூன்று கார்டு ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் அதே மூன்றை வைத்து, ஓர் அரங்கம் நிறையக் கூட்டத்தை ராத்திரி முழுக்க நிற்கவிடாமல் ஆடவைப்பது ஒரு வாரத்தில் வராது.

சோனிக்ஸின் தொடக்கமும் வீட்டுக்குள்தான். 1960-ல் லாரி பாரிபா என்ற கித்தார்காரப் பையன் ஆரம்பித்தார். அண்ணன் ஆண்டி பேஸ் கித்தாருக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத நாட்களில், பயிற்சியில் அவர்களின் அம்மாவே பேஸ் வாசித்திருக்கிறார். இந்த ஒரு தகவலுக்காகவே அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. 1964 வாக்கில் வேறொரு உள்ளூர்க் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்: பாட்டும் ஆர்கனும் ஜெரி ராஸ்லி, சாக்ஸபோன் ராப் லிண்ட், டிரம்ஸ் பாப் பென்னட். நாம் இன்று சோனிக்ஸ் என்று சொல்வது இந்த ஐவரைத்தான்.

சத்தம் எப்படிக் கெட்டது

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

கித்தார் தந்தி அதிரும்போது அதன் அடியில் இருக்கும் பிக்கப் மிகச் சிறிய மின்னலையை உண்டாக்கும். ஆம்ப்ளிஃபையர் அந்த அலையைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். பெரிதாக்குவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு மேல் திருகினால் அலை உயராது, அதன் உச்சி மட்டும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். வேலிச் செடியின் தலையை ஒரே மட்டமாகக் கத்தரிப்பது போல. அலையின் வடிவம் மாறினால் ஒலியும் மாறும். மூல ஒலியில் இல்லாத புதிய மேல்சுருதிகள் கிளம்பி அதோடு கலக்கும். காது அதை உறுமலாக, கரகரப்பாக உணர்கிறது. இதற்குப் பெயர் டிஸ்டார்ஷன். பொறியாளர்களுக்கு அது பிழை. அதை ஒழிக்கத்தான் அவர்கள் படித்துவிட்டு வந்தார்கள்.

பாரிபா சகோதரர்கள் அந்தப் பிழையை முதலில் ஆம்ப்ளிஃபையரில் தேடினார்கள். எப்போதும் எல்லைக்கு மேலேயே திருகிவைத்தார்கள். அது போதாமல் ஸ்பீக்கர்களின் இணைப்பைக் கழற்றுவது, ஐஸ் உடைக்கும் ஊசியால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஓட்டை போடுவது என்று இறங்கினார்கள். லாரி பாரிபாவே பின்னாளில் சொன்னது இது. எங்கள் தட்டுகள் சிதைந்து ஒலிப்பதாகத் தோன்றினால், அவை நிஜமாகவே சிதைந்தவைதான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஓட்டை விழுந்த காகிதம் கித்தாரின் அதிர்வோடு தானும் தனியே படபடக்கும். என் அத்தை மகன் ஒயரில் தேடிய கோளாறு இதுதான்.

இதை உலகிலேயே முதலில் செய்தவர்கள் இவர்கள் என்று சொல்லமாட்டேன். லிங்க் ரே 1958-ல் 'ரம்பிள்' பாட்டுக்காகத் தன் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தினார். 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். ஆனால் அவர்கள் கித்தாரோடு நிறுத்திக்கொண்டார்கள். சோனிக்ஸ் அந்தப் பிழையைப் பாட்டின் எல்லா மூலைக்கும் கொண்டுபோனது.

அடுத்த இடம் டேப். முதல் ஆல்பமான 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்' சியாட்டிலில் கியர்னி பார்ட்டனின் ஒலிப்பதிவுக் கூடத்தில், இரண்டு தடம் மட்டுமே உள்ள டேப் கருவியில் பதிவானது. ஒலி எவ்வளவு வலுவாக டேப்புக்குள் போகிறது என்று காட்ட அந்தக் கருவிகளில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். அதில் ஒரு முள் ஆடும். ஓர் அளவைத் தாண்டினால் முள் சிவப்புப் பகுதிக்குள் போகும். முள் சிவப்பைத் தொட்டால் ஒலியைக் குறைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. சோனிக்ஸ் பையன்களுக்கோ முள் சிவப்பிலேயே கிடக்க வேண்டும். டேப்பில் பூசியிருக்கும் காந்தத்தூளுக்கும் கொள்ளளவு உண்டு. அது நிரம்பிய பிறகும் ஒலியை உள்ளே திணித்தால், அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு திரண்டு தடிக்கும். அந்த ஆல்பம் முழுவதும் கேட்கும் கனம் இதனால் வந்தது.

மூன்றாவது இடம் டிரம்ஸ். இன்று ஒரு டிரம்ஸ் தொகுதிக்கு எட்டுப் பத்து மைக் வைப்பது சாதாரணம். பாப் பென்னட்டுக்கு வைத்தது ஒன்று. ஒரே மைக் என்றால் அது டிரம்ஸை மட்டும் கேட்காது. அறையைக் கேட்கும், சுவரில் மோதித் திரும்புவதைக் கேட்கும், பக்கத்திலிருக்கும் கித்தாரின் உறுமலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரே களிமண்ணாகப் பிசைந்துகொண்டு வரும். பிற்பாடு பிரித்தெடுத்துத் திருத்த முடியாது. அப்படியிருந்தும், அந்த ஒரே மைக்கில் விழுந்தது நான் கேட்டதிலேயே மிகப் பிரமாதமான டிரம்ஸ் ஒலி என்று 1994-ல் ஒரு பேட்டியில் வியந்தவர் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன். அவரும் வாஷிங்டன் மாநிலத்துக்காரர்தான்.

நான்காவது இடம் அறை. 1966-ல் வந்த 'பூம்' ஆல்பத்தை டகோமாவில் வேறொரு கூடத்தில் பதிவு செய்தார்கள். எதிரொலியை அடக்க அங்கே சுவர்களில் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். பையன்கள் அவற்றைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் வாசித்தார்கள்.

ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், டேப், மைக், சுவர் என்று ஒலி நடந்துபோகும் பாதையில் ஒவ்வொரு படியிலும் "இன்னும்" என்றிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவர்களின் இசைதான் கராஜ் என்று ஒரு பேச்சு உண்டு. சோனிக்ஸைக் கேட்டவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். வாரந்தோறும் நடன அரங்குகளில் வாசித்து வாசித்து இறுகிப்போன கைகள் அவை. 'தி விட்ச்' பாட்டில் கித்தாரும் பேஸும் சாக்ஸபோனும் ஒரே தாழ்ந்த ரிஃப்பில் சேர்ந்து இறங்குவதைக் கேளுங்கள். ரிஃப் என்றால் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன இசைத்துணுக்கு. மற்றவர்கள் ஒரே நொடியில் மூச்சை நிறுத்த, பென்னட்டின் டிரம்ஸ் மட்டும் பாய்ந்து விழும். உடனே எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வருவார்கள். இம்மி பிசகாது. ஒலி கலைந்து கிடந்தாலும் தாளம் கல்லில் வெட்டியது போல நிற்கும். அந்த உறுதி இருந்ததால்தான் ஒலியை இவ்வளவு தூரம் சிதைக்க முடிந்தது. தாளமும் ஆடிப்போயிருந்தால் வெறும் கூச்சல்தான் மிஞ்சியிருக்கும்.

நஞ்சும் சூனியக்காரியும்

ஜெரி ராஸ்லியின் குரலைப் பற்றி எழுதுவது கஷ்டம். 1950-களின் ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டைக் கேட்டு வளர்ந்த தொண்டை என்பது முதல் தடவை கேட்டதுமே தெரியும். குழுவின் முதல் தட்டில் 'தி விட்ச்'சுக்குப் பின்பக்கம் லிட்டில் ரிச்சர்டின் பாட்டைத்தான் வைத்திருந்தார்கள். பிறகு வந்த பதிப்புகளில் அந்த இடத்துக்கு 'சைக்கோ' வந்தது. லிட்டில் ரிச்சர்டின் அலறலில் ஒரு கொண்டாட்டம் இருக்கும். ராஸ்லியின் அலறலில் ஆபத்து இருக்கும். பாடிக்கொண்டே வருபவர் வரியின் முடிவில் குரலைச் சட்டென்று கிழித்து மேலே எறிவார். எப்போது வரும் என்று தெரிந்த பிறகும் எனக்கு ஒவ்வொரு முறையும் தூக்கிப்போடுகிறது.

அவர் எழுதிய விஷயங்களும் அன்றைய வழக்கத்துக்கு ஒட்டாதவை. மற்ற குழுக்கள் கைபிடித்து நடப்பதைப் பாடியபோது இவர் சூனியக்காரி போன்ற பெண்ணையும், பித்துப்பிடிப்பதையும், சாத்தானையும் பாடினார். 1964-ன் கடைசியில் 'தி விட்ச்' வந்தபோது சியாட்டிலின் பிரபல வானொலியான கேஜேஆர் அதைப் பகல் நேரத்தில் போடத் தயங்கியதாகவும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகே ஒலிபரப்பியதாகவும் குழுவினர் சொல்வதுண்டு. பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வட்டாரம் முழுக்கத் தட்டு பறந்தது.

தமிழ் வாசகர்கள் நின்று கேட்க வேண்டிய பாட்டு 'ஸ்ட்ரிக்னைன்'. சிலருக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலருக்கு ஒயின் பிடிக்கும், எனக்குக் கலப்பில்லாத ஸ்ட்ரிக்னைன்தான் பிடிக்கும் என்று ஒருவன் மார்தட்டும் பாட்டு. ஸ்ட்ரிக்னைன் வேறெங்கோ இருக்கும் வேதிப்பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் எட்டி மரத்தின் விதையில் இருக்கும் நஞ்சுதான் அது. 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று நாம் பழமொழி சொல்கிற அதே எட்டி. கசப்புக்கு நாம் உவமையாகச் சொல்லும் காயின் சாற்றை டகோமாவில் ஒரு பையன் எனக்குப் பிடித்த பானம் என்று பாடியிருக்கிறான். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டு எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. அதில் சாகும் ஆசை எதுவும் இல்லை. "நான் எதற்கும் பயப்படமாட்டேன், உன்னால் முடியுமா?" என்ற வயசுப்பையனின் வீறாப்பு அது. பங்க் இசையின் மனநிலையை ஒரே வரியில் கேட்க வேண்டுமானால் அந்தப் பாட்டின் முதல் வரியைக் கேட்டால் போதும். கிராம்ப்ஸ் குழு 1980-ல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே அதை எடுத்துப் பாடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அவர்கள் பெயரைப் பின்னாளில் அதிகம் பரப்பியது மட்டும் சொந்தப் பாட்டு இல்லை. 'ஹேவ் லவ் வில் டிராவல்' எழுதியவர் அதே ரிச்சர்ட் பெர்ரி. அவர் பாடியதைக் கேட்டால் இதமாக இருக்கும். சோனிக்ஸ் அதே பாட்டை எடுத்து, ரிஃப்பை மட்டும் உருவி முன்னால் நிறுத்தி, அதன் மேல் ராஸ்லியை ஏவிவிட்டார்கள். 2004-ல் லேண்ட் ரோவர் கார் விளம்பரத்தில் இந்தப் பதிவு ஒலித்தபோது, யார் இவர்கள் என்று புதிதாக ஒரு தலைமுறை தேடிக்கொண்டு வந்தது.

ஹாலிவுட் போன கதை

என் கட்சிக்கு மிக வலுவான சாட்சி அவர்களின் மூன்றாவது ஆல்பம். எட்டிகெட்டை விட்டு ஜெர்டன் என்ற நிறுவனத்துக்கு மாறியபின், ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் கூடத்துக்குப் போனார்கள். ஃபில் ஸ்பெக்டரும் பீச் பாய்ஸும் பதிவு செய்த கூடம் அது. நல்ல கருவி, கைதேர்ந்த ஆட்கள், எல்லாம் இருந்தது. முள் ஒழுங்காகத் தன் இடத்தில் நின்றது. 'இன்ட்ரொட்யூசிங் தி சோனிக்ஸ்' என்று வெளிவந்த அந்த ஆல்பத்தை முதல் இரண்டோடு சேர்த்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். வாசிப்பவர்கள் அதே ஐவர்தான். ஒவ்வொரு கருவியும் துடைத்து வைத்தது போலத் தனித்தனியாகக் கேட்கிறது. பயம் மட்டும் போய்விட்டது. அந்த ஆல்பம் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதைக் குழுவினர் மறைத்ததில்லை.

அதற்குப் பிறகு குழு நெடுநாள் தாங்கவில்லை. ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். பெயரை வைத்துக்கொண்டு வேறு ஆட்கள் கொஞ்ச காலம் வாசித்தார்கள். ராப் லிண்ட் கடற்படையில் சேர்ந்து வியட்நாம் போரில் விமானம் ஓட்டினார், பிறகு பயணிகள் விமான ஓட்டியானார். லாரி பாரிபா காப்பீட்டுத் துறைக்குப் போனார். ஜெரி ராஸ்லி சாலைக்குத் தார் போடும் தொழில் செய்தார். 1972-ல் சியாட்டிலில் ஒரே ஒரு கச்சேரிக்காகக் கூடியதோடு சரி. அந்தக் குரல் தார் உருக்கும் அனலுக்கு நடுவே வேலை பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பையன்கள் அந்தப் பழைய தட்டுகளைத் தேடி வாங்கி, அதைப் போலவே ஒலிக்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

2007-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் கேவ்ஸ்டாம்ப் என்ற கராஜ் இசை விழாவில் ராஸ்லியும் லாரி பாரிபாவும் லிண்டும் மேடையேறினார்கள். 2015-ல் 'திஸ் இஸ் தி சோனிக்ஸ்' என்று புது ஆல்பமே வந்தது. தயாரித்தவர் டெட்ராய்ட்டின் ஜிம் டயமண்ட். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவில் பங்கெடுத்தவர். சோனிக்ஸ் போட்ட பாதையில் வளர்ந்த ஓர் ஆள் வந்து சோனிக்ஸையே பதிவு செய்தார், அதுவும் இடது வலது என்று பிரிக்காமல் எல்லா ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் மோனோவில். எழுபது வயதை ஒட்டி நிற்கும் ராஸ்லி அதில் அலறுகிறார். குரல் தடித்திருக்கிறது, கொஞ்சம் மணல் விழுந்திருக்கிறது. ஆனால் எறிகிற இடத்தில் சரியாக எறிகிறார். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாகக் கேட்க ஆரம்பிப்பவர்கள் 'தி விட்ச்', 'சைக்கோ', 'ஸ்ட்ரிக்னைன்' என்ற வரிசையில் போகலாம். மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம் ஆகாது. ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் எல்லாமே கரகரக்கும், சோனிக்ஸின் கரகரப்பு தனியாகத் தெரியாது. நல்ல ஹெட்ஃபோனிலோ கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரிலோ, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு ஒரு பத்து நிமிடம் வைக்க முடிந்தால் நல்லது. முதல் தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை டிரம்ஸுக்குப் பின்னால் அந்த அறை ஒலிப்பதைத் தேடுங்கள்.

அது முடிந்ததும் கிங்ஸ்மென்னின் 'லூயி லூயி'யை ஒருமுறை ஓடவிட்டு, இடைவெளி இல்லாமல் 'பூம்' ஆல்பத்தில் இருக்கும் சோனிக்ஸின் 'லூயி லூயி'யைப் போடுங்கள். அதே பாட்டு, அதே வட்டாரம், நடுவில் மூன்று வருடம்கூட முழுதாக ஓடவில்லை. கார்டுகளையே கொஞ்சம் மாற்றி இருட்டாக்கியிருப்பார்கள். முட்டை அட்டை இல்லாத சுவர் எப்படித் திருப்பி அடிக்கும் என்பதும் அதில் கேட்கும்.